கசக்காத கஷாயம்

அத்தியாயம் 6

"உள்ள இருங்க. யாருன்னு தெரிஞ்சதும் கதவைத் தட்டி ஆளைச் சொல்லுங்க. அப்பத்தான் திறப்பேன்."

சொன்னது மாமியார். சொன்ன கையோடு வெளியே பூட்டு விழுந்தது.

நான் கதவைப் பார்த்தேன். மேடமும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றவாளிகளை உள்ளே தள்ளுவது எங்கள் தொழில். எங்களையே ஒருவர் உள்ளே தள்ளியது இதுதான் முதல் தடவை.

"மேடம், எலியைப் பிடிக்க வந்த பூனையைப் பொறிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க."

"சும்மா இரு தீனி. இங்க ஒரு பொண்ணு படுத்திருக்கா."

தீனி என்பது என் பட்டப்பெயர். பையில் பிஸ்கட் இல்லாமல் என்னை யாரும் பார்த்ததில்லை என்பதால் மேடம் வைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயரை விடப் பொருத்தமாக இருப்பதால் நானும் மறுப்புச் சொல்லவில்லை.

கட்டிலில் படுத்திருந்தவள் இந்த வீட்டின் சின்ன மருமகள். எட்டு மாதக் கர்ப்பிணி. முகம் உப்பிக் கண்கள் இடுங்கியிருந்தன. போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த பாதங்களில் கணுக்கால் எது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்களைப் பார்த்து எழுந்திருக்க முயன்றாள், முடியவில்லை.

கதை இதுதான். கீழே மூலிகைக் கடை, மாடியில் குடும்பம். கடையில் ஒவ்வொருவருக்கும் தனி அலமாரி, தனித் தயாரிப்பு. மாமியாருக்குக் கஷாயம், மாமனாருக்கு லேகியம், மகளுக்கு மூலிகைத் தேநீர், சின்ன மகனுக்கு இருமல் வில்லை. மூத்த மகன் வெளியூர் வேலையில் இருந்ததால் அவனுக்கு அலமாரி இல்லை. ஒருவர் தயாரிப்பில் என்ன சேர்கிறது என்று இன்னொருவர் கேட்கக் கூடாது, நாக்கில் வைத்தும் பார்க்கக் கூடாது. அண்ணன் தம்பிக்குள் தொழில் சண்டை வந்து இரண்டாகப் போன குடும்பம் என்பதால் மாமனாரே போட்ட சட்டம். சட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது. சின்ன மருமகளுக்கு வீக்கமும் தலைவலியும் வரும்வரை.

வந்ததும், யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று குடும்பமே முடிவு கட்டிவிட்டது. யார் என்பதையும் சேர்த்தே முடிவு கட்டிவிட்டது. மூத்த மருமகள். அவள்தான் சின்னவளை டாக்டரிடம் கூட்டிப்போனாள், அவள்தான் மாத்திரை வாங்கி வந்தாள், அவளுக்குத்தான் குழந்தை இல்லை. இவ்வளவு போதாதா? மாத்திரை குப்பைக்கும் மூத்தவள் தெருவுக்கும் போனார்கள். தெருவுக்குப் போனவள் நேராக எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்தாள். "என் மேல பழி போனா போகட்டும் மேடம். அவளை அந்த ரூமுக்குள்ளயே வெச்சுக் கொன்னுடுவாங்க" என்றாள். இப்போது தெருமுனையில் ஒரு டாக்ஸியில் காத்திருக்கிறாள்.

"குற்றம் செஞ்சது உங்க மூத்த மருமகள்னா, அதையும் ஆதாரத்தோட சொல்றேன்" என்று மேடம் கடையில் சொன்னதும் மாமியாருக்கு வாயெல்லாம் பல். எங்கள் போன்களை வாங்கிக் கல்லாப்பெட்டியில் போட்டார். விஷயம் வெளியே போகக் கூடாதாம். பிறகு மாடி, இந்த அறை, பூட்டு.

அறைக்கு இரண்டு ஜன்னல்கள். பின்பக்கத்து ஜன்னல் காற்று ஆகாது என்று ஆணி அடிக்கப்பட்டிருந்தது. வராந்தாப் பக்கத்து ஜன்னலில் கம்பி. மொட்டை மாடியில் காயும் வேர்களின் நெடி சுவரையே ஊடுருவி வந்தது. ஆரோக்கியமாக உள்ளே போன எனக்கே ஐந்து நிமிடத்தில் மூச்சு முட்டியது. இவள் மூன்று வாரமாக இதற்குள் இருக்கிறாள்.

மேடம் கட்டில் ஓரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு இப்ப எப்படி இருக்கும்மா?"

"தலை வெடிக்குது. காலையிலேருந்து கண்ணு முன்னாடி பொறி பறக்குது. லைட்டைப் பார்த்தா ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"குழந்தை அசையுதா?"

"அசையுது. நேத்து அளவுக்கு இல்ல."

மேடத்தின் முகம் மாறியது. எழுந்து வந்து என் காதருகில் சொன்னார். "தீனி, இது துப்பறியற கேஸ் இல்ல. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய கேஸ். பிரஷர் தாறுமாறா ஏறியிருக்கு. இன்னைக்கே போகணும்."

நான் கதவைத் தட்டினேன்.

"யாரு? ஆளைச் சொல்லுங்க" என்றது மாமியாரின் குரல். கதவுக்கு அந்தப் பக்கமே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார் போலும்.

"ஆள் அப்புறம்மா. பொண்ணுக்கு ரொம்ப முடியல. முதல்ல ஆஸ்பத்திரி."

"வழியில மூத்தவ ஆள் வெச்சிருப்பா. விஷம் வெச்சது யாருன்னு தெரியாம என் மருமகளை நான் வாசப்படி தாண்ட விட மாட்டேன். என் உயிரே போனாலும் விட மாட்டேன்."

போவது அவர் உயிர் இல்லை என்பதுதான் சிக்கல். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை, நடிப்பும் இல்லை. அந்த அம்மாள் உண்மையாகவே மருமகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். கெட்ட எண்ணம் இருந்தால் மிரட்டலாம், பேரம் பேசலாம். பாசத்தோடு பூட்டுகிறவர்களிடம் என்ன செய்வது? எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"மேடம், சின்ன யோசனை. மூத்தவங்கதான்னு சொல்லிடலாம். கதவு திறக்கும். வெளிய போய் உண்மையைப் பேசிக்கலாம்."

"கதவு நமக்குத் திறக்கும். இவளுக்கு?"

கட்டிலிலிருந்து சின்னவள் சொன்னாள். "அப்படி மட்டும் சொல்லிடாதீங்க சார். அக்காதான்னு முடிவாயிட்டா இனிமே பயம் இல்லன்னு என்னை இங்கயே வெச்சு இன்னும் நல்லா கவனிச்சுப்பாங்க. அவங்க கவனிப்புதான் எனக்குப் பயமா இருக்கு."

மேடம் திரும்பினார். "அவங்கன்னா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எல்லாரும்தான். காலையில அத்தை கஷாயம் கொண்டு வருவாங்க. குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பாங்க. அத்தை கீழ போனதும் மாமா வந்து லேகியம் குடுப்பாரு. அத்தைக்குத் தெரிய வேண்டாம்பாரு. சாயங்காலம் நாத்தனார் ஃப்ளாஸ்க்ல தேநீர் கொண்டு வருவா. தூக்கம் வருமாம். அவளும் யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கியிருக்கா. என் வீட்டுக்காரரு..." லேசாகச் சிரித்தாள். "அவரு வாய்க்கசப்புக்குன்னு வில்லை குடுப்பாரு. தலையணைக்கு அடியில வெச்சிருக்கேன்."

"வேண்டாம்னு சொல்ல மாட்டியா?"

"எப்படிங்க சொல்றது? ஒவ்வொருத்தரும் கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டுக் குடுக்கறாங்க."

மேடம் அறையைத் துழாவினார். மேஜை மேல் இருந்த கஷாயச் சொம்பு, அலமாரிக்குப் பின்னால் இருந்த லேகிய டப்பா, கட்டிலுக்கு அடியில் ஃப்ளாஸ்க், தலையணைக்கு அடியில் வில்லைகள். நான்கையும் வரிசையாக வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"மேடம், விஷம்னு சொல்றாங்க."

"அவ மூணு வாரமா வயித்துல ஒரு உசுரையும் வெச்சுக்கிட்டுச் சாப்பிடறா. நீ ஒரு சொட்டு நக்கிப் பார்க்கறதுக்கு இவ்வளவு யோசிக்கிற."

நக்கினேன். முதலில் கஷாயம். வெந்தயம் போட்டுக் கொதிக்க வைத்தது என்று வாசனையே சொன்னது. முகத்தைச் சுளிக்கத் தயாராக இருந்தவன் சுளிக்க மறந்துவிட்டேன்.

"நல்லா இருக்கு மேடம்."

"என்னது?"

"கசக்கவே இல்ல. இனிப்பா இருக்கு." லேகியத்தைத் தொட்டேன். நெல்லிக்காய் புளிப்பை எதிர்பார்த்தால் இதுவும் இனிப்பு. தேநீர் இனிப்பு. வில்லை இனிப்பு. எங்கள் வீட்டில் மருந்து இந்த ருசியில் இருந்திருந்தால் நான் சின்ன வயதில் வேண்டுமென்றே காய்ச்சலில் படுத்திருப்பேன். "இந்த வீட்டுல மருந்துக்கடை எதுக்கு மேடம், மிட்டாய்க்கடை வெச்சிருக்கலாம்."

"சர்க்கரையா?" என்று மேடம் சின்னவளைக் கேட்டார்.

"ஐயோ, சர்க்கரை இந்த ரூமுக்குள்ளயே வராது மேடம். முதல் செக்கப்லயே டாக்டர் எல்லாரையும் உட்கார வெச்சு, சர்க்கரை, வெல்லம், தேன் எதுவும் வேண்டாம்னு சொல்லிட்டாரு. அன்னையிலேருந்து டீல கூடக் கிடையாது."

மேடம் தரையைப் பார்த்தார். நான் உள்ளே வந்தபோது பதற்றத்தில் கடித்த பிஸ்கட்டின் தூள் கதவருகில் சிந்தியிருந்தது. அதைச் சுற்றி எறும்புகள் ஊர்வலம் கூட்டிவிட்டன. சுவரோரமாக நடந்து, கட்டிலைத் தாண்டி, மேஜைக் காலைச் சுற்றி வந்திருக்கின்றன. மேஜைக்குக் கீழே என்றைக்கோ சிந்திய கஷாயம் வட்டமாகக் காய்ந்து பிசுபிசுத்துக் கிடந்தது. அதன் விளிம்பிலேயே எறும்புகள் போயின. ஒன்றுகூட நின்று பார்க்கவில்லை.

"உன்னை மாதிரி இல்ல எறும்பு. விசாரிச்சுட்டுத்தான் சாப்பிடும்" என்றார் மேடம்.

"விஷம்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குமோ?" என்றேன்.

"இனிக்குது, ஆனா சர்க்கரை இல்ல. அவ்வளவுதான் எறும்பு சொல்லுது. மீதியை வேற ஒருத்தர் நாக்கு சொல்லணும்." மேடம் எழுந்தார். "தீனி, காலையில கடையில ஒரு பெரியவர் இருமலுக்கு வேர் கேட்டாரே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. வேரை எடுத்துத் தராசில் போட்ட மாமியார், "உங்களுக்கு பிரஷர் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றதும் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டுச் சுக்கை மடித்துக் கொடுத்தார். வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பும் கடைக்காரரை அன்றுதான் பார்த்தேன். அந்தக் கடைச் சுவரில் கர்ப்பிணிகளுக்கு ஆகாதவை என்று பலகையே இருந்தது. கற்றாழை, கருஞ்சீரகம், ஆமணக்கு எண்ணெய், இன்னும் என்னென்னவோ.

அந்தப் பெரியவருக்கும் இந்த அறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன். கட்டிலில் சின்னவள் முனகினாள். நெற்றியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் புரண்டாள்.

மேடம் ஜன்னலருகில் போய் உரக்கச் சொன்னார். "அம்மா, கிடைச்சிடுச்சு. ரூமுல ஒளிச்சு வெச்சிருந்தது மூணு கிடைச்சிருக்கு."

ஸ்டூல் நகரும் சத்தம். கம்பிக்கு அந்தப் பக்கம் மாமியார் முகம். "ஒளிச்சு வெச்சிருந்தாளா? பாவி. எனக்குத் தெரியும், எனக்கு அப்பவே தெரியும்."

"உள்ள என்ன கலந்திருக்குன்னு எங்களுக்குத் தெரியல. உங்க நாக்குக்குத் தெரியாத வேரே இல்லைன்னு சொல்றாங்க. ஒரு சொட்டு பார்த்துச் சொல்லுங்க. ஆபத்தான அளவு இல்ல, இவனே பார்த்துட்டான்."

நான் உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாகத் தலையை ஆட்டினேன்.

மூத்தவள் வைத்த விஷத்தைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்ற வேகத்தில் மாமியார் கம்பிக்குள் கையை நீட்டினார். மேடம் முதலில் தேநீரை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். அவர் நுனிநாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"சீமைச் சாமந்தி. கொஞ்சம் சோம்பு. அதிமதுரம், நல்லாவே தூக்கலா." கண் திறந்தது. "இது... இந்தப் பக்குவம்..." முடிக்கவில்லை.

அடுத்து லேகியம். விரலில் எடுத்துச் சப்பியவர் நெடுநேரம் விழுங்கவில்லை. "நெல்லி. திப்பிலி. அதிமதுரம்." குரல் இறங்கிவிட்டது. முப்பது வருடம் கூட வாழ்ந்தவரின் கைப்பக்குவம் நாக்குக்குத் தெரியாமலா போகும்?

வில்லையை வாயில் போட்டதும் அவருக்குச் சந்தேகமே இல்லை. "என் பையன்" என்றார்.

"அதுலயும்?"

"அதிமதுரம்."

மேடம் மேஜை மேல் இருந்த சொம்பை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். "இது உங்களோடது. இதை நீங்க குடிச்சுப் பார்க்க வேண்டாம். சர்க்கரை கூடாதுன்னு டாக்டர் சொன்னதும் கசப்பு தெரியாம இருக்க நீங்க என்ன சேர்த்தீங்க?"

மாமியார் சொம்பையே பார்த்தார்.

"நாலு பேரும் ஒரே கடையில தொழில் பழகினவங்க. நாலு பேருக்கும் ஒரே யோசனை வந்திருக்கு. ஒருத்தர் சேர்த்தது இன்னொருத்தருக்குத் தெரியாது."

"அதிமதுரம் விஷமா?" மாமியாருக்குக் கோபம் வந்தது. "குழந்தைக்கே குடுக்கற வேர். நான் கொஞ்சமாத்தான் போடறேன்."

"மத்த மூணு பேரும் இதையேதான் சொல்வாங்க. காலையில ஒரு பெரியவருக்கு இதே வேரைத் தராசு வரைக்கும் போட்டுட்டுத் திருப்பி எடுத்தீங்க. ஏன்?"

"அவருக்கு பிரஷர்..."

"அதிமதுரம் என்ன செய்யும்?"

"அதிகமாப் போனா பிரஷரை ஏத்தும். உடம்புல நீரைக் கட்டும். வீங்க..." அவர் தலையைத் தாழ்த்திக் கம்பிகளுக்கு இடையே கட்டிலைப் பார்த்தார். மருமகளின் காலைப் பார்த்தார். தினமும் பார்த்த கால்தான். அந்த முகத்தை நான் அதற்கு மேல் பார்க்கவில்லை, முடியவில்லை.

"மூலிகைதானேன்னு விட்டுட்டோம்" என்றார் மெல்ல.

"மூலிகைக்கு வேலை செய்யத் தெரியும்னு நம்பித்தானே விக்கறீங்க? வேலை செய்யத் தெரிஞ்சதுக்குக் கெடுக்கவும் தெரியும். இவளுக்கு பிரஷர் வந்ததுக்கு இது மட்டும்தான் காரணமான்னு எனக்குத் தெரியாதும்மா, அதை டாக்டர் சொல்லட்டும். ஆனா ஏறின பிரஷருக்கு மூத்தவங்க வாங்கின மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டு, ஏத்தற வேரை நாலு பக்கத்துலேருந்தும் ஊத்தியிருக்கீங்க. இந்த வீட்டுல இவளுக்கு எதுவுமே ஊட்டாத ஒரே ஆளைத்தான் வெளிய துரத்தியிருக்கீங்க. ஆளைச் சொன்னாத்தான் திறப்பேன்னீங்க. சொல்லவா?"

"வேண்டாம்."

பூட்டைத் திறக்க அவருக்கு நேரம் பிடித்தது. அவசரத்தில் சாவி துளையில் சேரவே இல்லை. கடைசியில் கம்பி வழியாக என்னிடமே சாவியை நீட்டிவிட்டார். உள்ளேயிருந்து வெளிப்பூட்டை எப்படித் திறப்பது என்று நான் கேட்கவில்லை. எனக்கும் சில நேரம் வாயை மூடத் தெரியும். சத்தம் கேட்டு மாடியேறி வந்த மகன்தான் அதை வாங்கித் திறந்தான்.

நாற்காலியோடு தூக்கினோம். மகன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மாமனாரும் நாத்தனாரும் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே கடை வழியாகப் பின்னால் ஓடி வந்தார்கள். மாமியார் ஒரே வார்த்தைதான் சொன்னார், அந்த வேரின் பெயரை. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தெருமுனையிலிருந்து டாக்ஸி வாசலுக்கே வந்தது. மூத்தவள் இறங்கித் தன் இடத்தை விட்டுக்கொடுத்து, பின்னால் வந்த ஆட்டோவில் மேடத்தோடு ஏறிக்கொண்டாள். மாமியார் அவளைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்பதுதான் சரி.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிரஷர் பார்த்தாள். பார்த்த வேகத்திலேயே டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டர் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார்.

"குழந்தைத் துடிப்பு இருக்கு. ஆனா காத்திருக்க முடியாது, இன்னைக்கே எடுத்தாகணும்" என்றார். "என்ன மருந்து சாப்பிட்டாங்க? ஒண்ணு விடாம எனக்குத் தெரியணும்."

யார் முதலில் வாயைத் திறப்பது என்று நால்வரும் தயங்கினார்கள். பிறகு மாமனார் ஆரம்பித்தார். நெல்லியிலிருந்து திப்பிலி வரை, பங்கு அளவோடு. தொடர்ந்து மகள், மகன், கடைசியில் மாமியார். அவ்வளவு நாள் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த தொழில் ரகசியமெல்லாம் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் காதிலும் விழுந்தது.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளும் முன் நர்ஸ் சொன்னாள். "கூட ஒருத்தர்தான் வரலாம். யாரு?"

நான்கு பேரும் ஒரே நேரத்தில் முன்னால் வந்தார்கள். சின்னவள் கண்ணைத் திறக்காமலே, "அக்காவைக் கூப்பிடுங்க" என்றாள்.

மூத்தவள் உள்ளே வந்திருக்கவில்லை. வாசல் மரத்தடியில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். போன் செய்யலாம் என்று நான் பையைத் தடவினேன். அது இன்னும் கல்லாப்பெட்டியில் இருந்தது. யாரையும் அனுப்பாமல் மாமியாரே நடந்து போனார். சண்டை வந்தால் விலக்கலாம் என்று நானும் பின்னால் போனேன்.

"உள்ள உன்னைத்தான் கூப்பிடறா. வாம்மா" என்றார் மாமியார்.

மூத்தவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் வாங்கிட்டு வந்த மாத்திரையை என்ன பண்ணீங்க அத்தை?"

"குப்பையில போட்டேன்."

"டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருப்பீங்க, அதைச் சொன்னீங்களா?"

மாமியார் இல்லை என்று தலையாட்டினார்.

"அதையும் நீங்களே சொல்லுங்க. இப்பவே" என்று சொல்லிவிட்டு மூத்தவள் உள்ளே ஓடினாள்.

மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் பின்னாலேயே போனார்.